டெலவர் ஆற்றின் இரு கரையிலும் ஒரு நாள் சைக்கிள் சுற்று: காடு, கால்வாய், 45 மைல் – முழுமையான வழிகாட்டி

நியூஜெர்சிக்கும் பென்சில்வேனியாவுக்கும் எல்லையாக ஓடும் டெலவர் ஆற்றுக்கு இரண்டு கரையிலும் ஒவ்வொரு பழைய கால்வாய் இருக்கிறது. இரண்டையும் ஒட்டி மண்ணும் பொடிக்கல்லும் போட்ட பாதை செல்கிறது. கார், லாரி எதுவும் உள்ளே வராது. மேலே மரங்கள் கூடாரம் போட்டு நிற்கும். நடுநடுவே ஆற்றைக் கடக்கப் பாலங்கள் இருப்பதால் ஒரு கரையில் போய் மறு கரையில் திரும்பலாம். எடிசன், பிரின்ஸ்டன், பிரிட்ஜ்வாட்டர் பக்கம் இருப்பவர்களுக்குக் காரில் ஒரு மணி நேரத் தூரம்தான். கால்வாய்க் கரைப் பாதைகளில் இதைவிட நல்ல ஒரு நாள் சுற்று அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரைப் பகுதியில் அதிகம் இல்லை என்பது எங்கள் தீர்மானமான கருத்து.

பெரும்பாலானவர்கள் லாம்பர்ட்வில்லில் காரை நிறுத்திவிட்டு ஒரே பெரிய வட்டமாகச் சுற்றுவார்கள். நாங்கள் அதைச் சொல்வதில்லை. நியூஜெர்சிக் கரையை ஒட்டிய புல்ஸ் ஐலண்ட் என்ற தீவில் நிறுத்துங்கள். அங்கே ஆற்றின் குறுக்கே நடப்பவர்களுக்கு மட்டுமான தொங்கு பாலம் ஒன்று உண்டு. அதை வைத்து, லைசன்ஸ் வாங்கப் போடுவோமே எட்டு, அந்த எட்டைப் போடலாம். முதலில் தெற்கு வளையம், சுமார் 30 மைல். பிறகு வடக்கு வளையம், சுமார் 16 மைல். இரண்டு வளையமும் கார் நிற்கும் இடத்தில் சந்திக்கின்றன. சாப்பாடு காரில் இருக்கலாம், குளிர்ந்த தண்ணீர் இருக்கலாம், மாற்று உடை இருக்கலாம். குழந்தையோ பெரியவரோ களைத்துவிட்டால் பாதியில் நிறுத்திக்கொள்ளலாம். ஒரே வட்டமாகப் போனால் 25ஆவது மைலில் முழங்கால் வலித்தாலும் இன்னும் 20 மைல் மிதித்துத்தான் ஆக வேண்டும்.

வழி தவறாமல் இருக்க ஒரே விதி

இந்தச் சுற்றைச் சொன்ன திசையில் போனால் ஆறு எப்போதும் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்கும். பென்சில்வேனியா கரையில் தெற்கே போகும்போதும் இடது, நியூஜெர்சி கரையில் வடக்கே வரும்போதும் இடது. ஆறு வலப்பக்கம் தெரிந்தால் தவறான திசையில் போகிறீர்கள். வரைபடம் பார்க்கத் தேவையே வராது.

ஆனால் பெயர்களில் ஒரு குழப்பம் காத்திருக்கிறது. லாம்பர்ட்வில் நியூஜெர்சியில் இருக்கும் ஊர். லம்பர்வில் பென்சில்வேனியாவில், புல்ஸ் ஐலண்டுக்கு நேர் எதிரே இருக்கும் ஊர். இரண்டுக்கும் நடுவே ஏழு மைல். யாருக்காவது போனில் வழி சொல்லும்போது மாநிலத்தின் பெயரையும் சேர்த்தே சொல்லுங்கள்.

தூரங்கள் தோராயமாக, மைலில்:

- புல்ஸ் ஐலண்ட் – லம்பர்வில் தொங்கு பாலம்: தொடக்கம்
- லம்பர்வில் முதல் செண்டர் பிரிட்ஜ்: 3.5
- செண்டர் பிரிட்ஜ் முதல் நியூ ஹோப்: 3.5
- நியூ ஹோப் முதல் வாஷிங்டன் கிராசிங்: 7.5
- வாஷிங்டன் கிராசிங் முதல் லாம்பர்ட்வில் (நியூஜெர்சி கரை): 7.5
- லாம்பர்ட்வில் முதல் ஸ்டாக்டன்: 3.5
- ஸ்டாக்டன் முதல் புல்ஸ் ஐலண்ட்: 3.5 (மதிய உணவு)
- புல்ஸ் ஐலண்ட் முதல் ஃபிரெஞ்ச்டவுன்: 8
- பாலம் கடந்து யூலர்ஸ்டவுன் முதல் லம்பர்வில்: 8

ஃபிரெஞ்ச்டவுன், புல்ஸ் ஐலண்ட், ஸ்டாக்டன், லாம்பர்ட்வில், வாஷிங்டன் கிராசிங் என ஐந்து இடங்களில் கட்டணமில்லாமல் ஆற்றைக் கடக்கலாம். ஒவ்வொரு பாலமும் ஒரு குறுக்குவழி. முதல்முறை வருபவர்கள் செண்டர் பிரிட்ஜில் கடந்து ஸ்டாக்டன் வழியாகத் திரும்பினால் 7 மைல்தான். சின்னப் பிள்ளைகளோடு வருபவர்களுக்கு அதுவே போதும்.

இரண்டு கரையும் ஒன்றல்ல

இதைப் புரிந்துகொள்ளாமல் வந்துதான் பலர் திணறுகிறார்கள். நியூஜெர்சி பக்கம் இருப்பது பழைய ரயில் தடம். தண்டவாளத்தை எடுத்துவிட்டுப் பொடிக்கல்லை இறுக்கிப் பரப்பியிருக்கிறார்கள். அகலமானது, சமமானது, இரண்டு பேர் பேசிக்கொண்டே போகலாம். மணிக்கு 11, 12 மைல் சாதாரணமாக வரும்.

பென்சில்வேனியா பக்கம் இருப்பது உண்மையான இழுவைப் பாதை. 1832இல் திறந்த டெலவர் கால்வாய் ஈஸ்டனிலிருந்து பிரிஸ்டல் வரை 60 மைல் நீளம். நிலக்கரி ஏற்றிய படகுகளைக் கோவேறு கழுதைகள் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு இந்தக் கரையில்தான் நடந்தன. அந்தப் போக்குவரத்து 1931 வரை நடந்தது. கழுதைக்குப் போதுமான அகலம் என்பதால் பாதை குறுகல். நடுவில் புல், இரு பக்கமும் சக்கரத் தடம், குறுக்கே மரவேர். மணிக்கு 8 மைல் வந்தால் நல்ல வேகம். நியூஜெர்சிக் கரையின் வேகத்தை மனதில் வைத்து நேரத்தைக் கணக்குப் போட்டால் மாலையில் இருட்டில் மாட்டிக்கொள்வீர்கள்.

டெலவர் கால்வாயில் சில இடங்களில் தண்ணீரே இருக்காது. பயப்பட வேண்டாம், வழி தவறவில்லை. மண் கரை, வெள்ளத்தில் உடைவதும் விலங்குகள் தோண்டும் வளைகளால் கசிவதும் அடிக்கடி நடப்பவை. 2004, 2005, 2006 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஆறு பெருகிக் கரையைச் சிதைத்தது. அதனால் புறப்படும் முன் இரண்டு மாநிலப் பூங்காக்களின் இணையப் பக்கங்களிலும் பாதை அடைப்பு அறிவிப்பைக் கட்டாயம் பாருங்கள். பாலங்களைப் பராமரிக்கும் கமிஷனின் அறிவிப்பையும் பாருங்கள். தொங்கு பாலம் பராமரிப்புக்கு மூடியிருந்தால் இந்த எட்டு வடிவம் நடக்காது. அப்போது ஸ்டாக்டன் பாலத்தை நடுப்புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள்.

எப்போது போவது

ஏப்ரல் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கம் வரை. மார்ச்சில் போகாதீர்கள். உறைந்த மண் இளகும் காலம் அது. மேல்பக்கம் காய்ந்தது போலத் தெரியும், சக்கரம் இரண்டு அங்குலம் புதையும், பாதையும் கெடும். கன மழைக்குப் பிறகு நியூஜெர்சிக் கரைக்கு ஒரு நாளும் பென்சில்வேனியாக் கரைக்கு இரண்டு நாளும் விடுங்கள்.

எங்களுக்குப் பிடித்த காலம் அக்டோபரின் மூன்றாம் வாரம். இலைகள் நிறம் மாறியிருக்கும், கொசு இருக்காது. ஆனால் அப்போது சூரியன் மாலை ஆறேகாலுக்கெல்லாம் மறைந்துவிடும். உதிர்ந்த இலைகள் வேரையும் குழியையும் மூடிவிடும் என்பதால் பென்சில்வேனியாக் கரையில் வேகத்தை இன்னும் குறைக்க வேண்டும். ஈர இலை மேல் பிரேக்கை அழுத்திப் பிடித்தால் சைக்கிள் பக்கவாட்டில் வழுக்கும்.

கோடையில் வருவதானால் காலை ஏழரைக்குள் மிதிக்கத் தொடங்குங்கள். வார இறுதியில் ஆற்றில் டியூபில் மிதக்க வருபவர்களின் கூட்டம் சேரும், கார் நிறுத்துமிடங்கள் நிரம்பிவிடும்.

சைக்கிள்: எது போதும், எதைச் சரிபார்ப்பது

ஹைப்ரிட், கிராவல், மவுண்டன் எதுவும் போதும். மெல்லிய டயர் போட்ட ரோடு சைக்கிளுக்கு இது இடமில்லை. 32 மில்லிமீட்டருக்குக் குறைந்த டயரில் நியூஜெர்சிக் கரை ஓடிவிடும், எதிர்க்கரை உங்கள் மணிக்கட்டை வாங்கிவிடும். 38 முதல் 42 வரை மிகப் பொருத்தம்.

காற்றழுத்தம்தான் அதிகம் பேர் தவறு செய்யும் இடம். டயரின் பக்கத்தில் எழுதியிருப்பது உச்ச அளவு. அதுவரை அடைத்தால் ஒவ்வொரு வேரிலும் சைக்கிள் துள்ளும், கை மரத்துப் போகும். டியூப் உள்ள 38 மி.மீ. டயருக்கு 70 கிலோ எடையுள்ளவர் முன்னால் 40, பின்னால் 45 பிஎஸ்ஐ வைத்துத் தொடங்கலாம். 85, 90 கிலோ என்றால் ஐந்தாறு பிஎஸ்ஐ கூட்டுங்கள். இரண்டு அங்குல மவுண்டன் டயருக்கு 30 முதல் 35. இதற்கும் கீழே இறக்கினால் வேறு சிக்கல்: வேரில் ஏறும்போது டயர் நசுங்கி, ரிம் விளிம்புக்கும் வேருக்கும் நடுவே டியூப் மாட்டிக் கிழியும். அப்படிக் கிழிந்த டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை இருக்கும். முள் குத்தினால் ஒன்றுதான் இருக்கும். இரண்டு ஓட்டை கண்டால் அடுத்த டியூபில் கூடுதல் காற்று அடைக்க வேண்டும் என்று அர்த்தம்.

சீட் உயரம்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன் மேல் வைத்தால் கால் முழுதும் நீள வேண்டும். பலர் பயத்தில் சீட்டை மிகத் தாழ்த்தி வைப்பார்கள். ஐந்து மைலுக்குத் தெரியாது, முப்பதாவது மைலில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கும். ஏற்றமே இல்லாத பாதை என்பதால் இறக்கத்தில் மிதிக்காமல் ஓய்வெடுக்கும் வாய்ப்பும் இல்லை. நாள் முழுதும் கால் சுற்றிக்கொண்டே இருக்கும். அதற்கேற்ப லேசான கியரில் வேகமாக மிதியுங்கள், கனமான கியரில் அழுத்தாதீர்கள். ஒவ்வொரு இருபது நிமிடமும் ஒரு முறை எழுந்து நின்று மிதித்தால் உட்காருமிடம் தாங்கும்.

பையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: உங்கள் டயர் அளவுக்கேற்ற டியூப் இரண்டு, டயர் நெம்பி இரண்டு, கைப்பம்ப், ஒட்டுப் பெட்டி, அறுகோணச் சாவிகள் உள்ள மடக்குக் கருவி, உங்கள் செயினுக்குப் பொருந்தும் இணைப்புக் கண்ணி ஒன்று. பம்பின் வாய் உங்கள் வால்வுக்குப் பொருந்துகிறதா என்று வீட்டிலேயே பாருங்கள். ஒல்லி வால்வு, கார் வால்வு என இரண்டு வகை உண்டு. நடுக்காட்டில்தான் அந்த வித்தியாசம் தெரியவரும். மணி ஒன்று மாட்டுங்கள். நியூஜெர்சியில் அது சட்டமும் கூட. 17 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அங்கே ஹெல்மெட் கட்டாயம். பெரியவர்களும் போட வேண்டும் என்பதில் எங்களுக்கு இரண்டாம் பேச்சு இல்லை.

டியூப் மாற்றும்போது இரண்டு தவறுகள் வழக்கமாக நடக்கும். ஒன்று, குத்திய முள்ளை எடுக்காமல் புது டியூபைப் போடுவது. டயரின் உள்பக்கம் முழுவதும் ஒரு துணியை மெதுவாக இழுத்துச் செல்லுங்கள், முள் இருந்தால் துணி மாட்டும். விரலால் தடவாதீர்கள், கிழித்துவிடும். இரண்டு, டயரின் விளிம்பில் கடைசி ஒரு சாணை நெம்பியால் உள்ளே தள்ளும்போது டியூபை நசுக்கிக் கிழிப்பது. புது டியூபில் வடிவம் வரும் அளவுக்கு இரண்டு அடி காற்று அடித்து உள்ளே வையுங்கள், வால்வுக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தொடங்கி வால்வு இருக்கும் இடத்தில் முடியுங்கள், டயரின் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே வந்தால் கடைசிப் பகுதி கட்டைவிரலாலேயே ஏறிவிடும்.

சாப்பாடும் தண்ணீரும்

மிதிக்கும் நேரம் மட்டும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம். ஒவ்வொரு முக்கால் மணிக்கும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும்: ஒரு வாழைப்பழம், அல்லது இரண்டு பெரிய பேரீச்சம்பழம், அல்லது ஒரு கடலைமிட்டாய். கை நடுங்கி, காரணமில்லாமல் எரிச்சல் வந்து, சமதரையே மேடாகத் தோன்றினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அறிந்து உடனே நின்று ஏதாவது இனிப்பாகச் சாப்பிடுங்கள், பத்து நிமிடம் உட்காருங்கள்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டர், வெயில் காலத்தில் முக்கால். 750 மில்லி புட்டி இரண்டு சைக்கிளில், மேலும் ஆளுக்கு இரண்டு லிட்டர் காரில். ஆற்று நீரையும் கால்வாய் நீரையும் குடிக்கக் கூடாது. நியூஜெர்சி பக்கத்துக் கால்வாய் நீர்தான் சுத்திகரிக்கப்பட்டு மத்திய நியூஜெர்சி வீடுகளின் குழாய்களில் வருகிறது என்பது உண்மை. ஆனால் சுத்திகரிப்பு அங்கே, நீங்கள் நிற்பது இங்கே.

மதியத்துக்குத் தயிர் சாதம் போல ஒன்று கிடையாது. ஐஸ் பெட்டியில் வைத்தால் வெயிலில் வந்து சாப்பிட அமிர்தம். மோர்மிளகாயும் ஊறுகாயும் வியர்வையில் போன உப்பைத் திருப்பித் தரும். ஐஸ் பெட்டி வேண்டாம் என்பவர்கள் புளியோதரையோ மிளகாய்ப்பொடி தடவிய இட்லியோ கொண்டுவரலாம், கெடாது. அளவோடு சாப்பிடுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு மிதித்தால் அரை மணியில் குமட்டும். குழம்பு, பொரியல் எல்லாம் மாலை வரை காத்திருக்கட்டும்.

தெற்கு வளையம்

புல்ஸ் ஐலண்ட், ஸ்டாக்டனிலிருந்து 29ஆம் எண் சாலையில் சுமார் மூன்று மைல் வடக்கே. கழிப்பறையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். கார் நிறுத்தக் கட்டணம் இல்லை. தீவின் பெரிய மரங்கள் சிகமோர். அடிப்பட்டை கொய்யா மரம் போல உரிந்து உரிந்து, மேலே போகப்போக எலும்பு வெள்ளையாகிவிடும். ஆற்றோரத்தில் தொலைவிலிருந்தே இதை அடையாளம் காணலாம். பலத்த காற்று நாளில் இவற்றின் அடியில் நிற்க வேண்டாம், கிளை முறியும்.

தொங்கு பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். ஐந்து பாலங்களுக்கும் இதுவே விதி. இந்தப் பாலம் 1947இல் டிரெண்டன் நகரத்து ரோப்ளிங் நிறுவனம் கட்டியது. நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்தை வடிவமைத்த அதே ரோப்ளிங் குடும்பத்தின் நிறுவனம். தூண்கள் மட்டும் அதற்கும் பழையவை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கிருந்த பாலத்துக்காக எழுப்பியவை. நடுவில் நின்று கீழே பாருங்கள்: ஆற்றில் இரு பக்கமிருந்தும் சிறகு போல நீளும் தாழ்ந்த அணை தெரியும். தண்ணீரை நியூஜெர்சிக் கால்வாய்க்குள் திருப்பும் அமைப்பு இங்கேதான்.

பாலம் இறங்கியதும் இழுவைப் பாதையில் தெற்கே திரும்புங்கள். பெரும்பாலும் இடப்பக்கம் ஆறு, வலப்பக்கம் கால்வாய், நடுவே நீங்கள். முதல் மூன்று மைல் இந்த நாளின் மிக அமைதியான பகுதி. கவனிக்க வேண்டியவை மூன்று. சாலைப் பாலங்களுக்கு அடியில் பாதை தாழ்ந்து போகும். சில இடங்களில் தலை இடிக்கும் உயரம்தான், இறங்கித் தள்ளுங்கள். புல்லுக்குள் மறைந்த தடத்தில் முன்சக்கரம் மாட்டினால் திடீரென்று திருப்பாதீர்கள், விழுவீர்கள். வேகம் குறைத்து, தடம் ஆழமில்லாத இடத்தில் வெளியே வாருங்கள். வேர்கள் சாய்வாகக் குறுக்கிட்டால் சக்கரத்தை அவற்றுக்கு நேராகத் திருப்பி ஏறுங்கள், குறிப்பாக ஈரத்தில்.

ஏப்ரல் முதல் ஜூன் வரை கனடா வாத்துகள் குஞ்சுகளோடு பாதையை அடைத்துக்கொண்டு நிற்கும். மணி அடித்தால் விலகாது, கழுத்தை நீட்டிச் சீறும். இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அவற்றுக்கும் நடுவே வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து தாண்டுங்கள்.

செண்டர் பிரிட்ஜ் வருவதற்குச் சற்று முன் வர்ஜீனியா ஃபாரஸ்ட் என்ற சிறு பூங்காவில் கழிப்பறை உண்டு. அதன் பிறகு நியூ ஹோப். சுற்றுலா ஊர், பாதை கடைகளின் பின்புறமாகப் போகும், கூட்டம் இருக்கும். இங்கே சைக்கிளில் போக முயல வேண்டாம், தள்ளிக்கொண்டு நடங்கள். பழைய லாக்குகள் நான்கு ஊருக்குள்ளேயே அடுத்தடுத்து இருக்கின்றன. லாக் என்பது படகுக்கான படிக்கட்டு: இரண்டு கதவுகளுக்கு நடுவே படகை நிறுத்தி, தண்ணீரை நிரப்பியோ வடித்தோ அதை மேலேயோ கீழேயோ கொண்டுசெல்வார்கள். இப்படிப்பட்ட கதவு ஒன்றின் இரு பாதிகளும் நேர்க்கோட்டில் மூடாமல் தண்ணீர் வரும் திசையை நோக்கிக் கூர்மையாகச் சேரும். தண்ணீர் எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு இறுக மூடிக்கொள்ளும்.

நியூ ஹோப்பைத் தாண்டினால் போமன்ஸ் ஹில் காடு. 1934இல் தொடங்கிய காட்டுப்பூக் காப்பகம் இங்கே இருக்கிறது. வசந்தத்தில் வருபவர்கள் சைக்கிளைப் பூட்டிவிட்டு அரை மணி ஒதுக்கலாம். இதற்கு அருகே, கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இடையே சில கல்லறைக் கற்கள் வரிசையாக நிற்கும். அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 டிசம்பரில், ஜார்ஜ் வாஷிங்டனின் படை இந்தக் கரையில் முகாமிட்டபோது நோயிலும் குளிரிலும் இறந்த வீரர்கள். பெயர் தெரிந்தவர் கேப்டன் ஜேம்ஸ் மூர் ஒருவர்தான். மற்றவர்களுக்குப் பெயரே இல்லை. அந்த இடத்தில் இறங்கிச் சற்று நின்றுவிட்டுப் போவது நல்லது. வாஷிங்டன் ஆற்றைக் கடந்தது டிசம்பர் 25 இரவு, இங்கிருந்து சில மைல் தெற்கே, அடுத்து நீங்கள் கடக்கப்போகும் இடத்தில்.

வாஷிங்டன் கிராசிங் பாலம் 1904இல் கட்டியது, மிகவும் ஒடுங்கியது. காருக்கே கண்ணாடி உரசும் அகலம். ஓரத்து நடைபாதையில் மட்டும் தள்ளிக்கொண்டு போங்கள், எதிரே ஆள் வந்தால் நின்று வழிவிடுங்கள். அக்கரை போனதும் இடப்பக்கம் திரும்பினால் நியூஜெர்சிப் பாதை.

இங்கிருந்து மூச்சு விடலாம். பாதை அகலமாகிவிடும். இந்தக் கால்வாயை 1830 முதல் 1834 வரை பெரும்பாலும் அயர்லாந்திலிருந்து வந்த கூலித் தொழிலாளர்கள் மண்வெட்டியும் கோடரியும் கொண்டு தோண்டினார்கள். 1832இல் காலரா பரவிப் பலர் இங்கேயே மாண்டார்கள். சாலையைக் கடக்கும் இடங்களில் கார் வராமல் கட்டைகள் நட்டிருப்பார்கள். ஹாண்டில்பார் இடிக்காமல் வேகம் குறைத்து நடுவே புகுங்கள். அமெரிக்கப் பாதைகளில் வலப்பக்கம் போக வேண்டும், முந்துவது இடப்பக்கம். முந்தும் முன் மணி அடித்துவிட்டு வாயாலும் சொல்லுங்கள்.

லாம்பர்ட்வில்லில் காபி, கழிப்பறை, சைக்கிள் கடை எல்லாம் கிடைக்கும். ஸ்டாக்டனைத் தாண்டியதும் பிரால்ஸ்வில் மில் என்ற பழைய மாவு ஆலைக் கட்டடங்கள். பிறகு மூன்று மைலில் கார்.

வடக்கு வளையம்

சாப்பிட்டு முடித்து, டயரைக் கையால் அழுத்திப் பார்த்து, புட்டிகளை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். பகல் இரண்டு மணிக்குப் பிறகும் சாப்பாட்டிலேயே இருந்தால், அக்டோபரில் இந்த வளையத்தை விட்டுவிடுவது நல்லது.

புல்ஸ் ஐலண்டுக்கு வடக்கே நியூஜெர்சிக் கரையில் கால்வாய் கிடையாது. கால்வாய் தொடங்குவதே இங்கேதான். ஃபிரெஞ்ச்டவுன் வரை எட்டு மைலும் காட்டுக்குள் நேராகப் போகும் பழைய ரயில் தடம். ஒரு பக்கம் செங்குத்தான பாறைச் சரிவு, மறு பக்கம் மரங்களின் ஊடே ஆறு. முக்கால் மணியில் போய்விடலாம். கடையோ கழிப்பறையோ நடுவில் எதிர்பார்க்காதீர்கள்.

ஃபிரெஞ்ச்டவுனில் ஐஸ்கிரீமுக்கு நிற்கலாம். பாலத்தில் தள்ளிக்கொண்டு அக்கரை சேர்ந்து, சாலையைக் கடந்து கொஞ்சம் மேலே போனால் யூலர்ஸ்டவுன். கூரை போட்ட மரப்பாலம் ஒன்று கால்வாயின் மேலேயே நிற்கிறது. 1832இல் கட்டியது. கூரை அழகுக்காக அல்ல; மழையும் பனியும் உத்தரங்களில் இறங்காமல் காக்கத்தான். கூரையில்லாத மரப்பாலம் இத்தனை காலம் நின்றிருக்காது. இதன் அருகிலேயே பாதையைப் பிடித்துத் தெற்கே திரும்புங்கள்.

இந்த எட்டு மைல் கரடுமுரடானது. உடலும் களைத்திருக்கும். நாளின் பெரும்பாலான விழுதல்கள் இங்கேதான் நிகழும், ஏனென்றால் கண் பாதையில் இருக்காது, கார் எப்போது வரும் என்ற நினைப்பில் இருக்கும். ஒரு மணி நேரத்துக்குக் குறைந்து முடிக்க முயல வேண்டாம். பாயிண்ட் பிளெசண்ட்டில் டோஹிக்கன் ஓடையின் மேலே கால்வாயையே தூக்கிக் கொண்டுபோகும் மரத்தொட்டிப் பாலம் வரும். கீழே ஓடை, மேலே கால்வாய், அதன் ஓரத்தில் நீங்கள். பலகைகள் ஈரமாக இருந்தால் இறங்கிவிடுங்கள். அதன் பிறகு லம்பர்வில், தொங்கு பாலம், கார்.

இந்தப் பக்கம் பாதை அடைத்திருந்தால் சாலையில் இறங்க வேண்டாம். 32ஆம் எண் ஆற்றுச் சாலை வளைந்து வளைந்து போகும், ஓரமே இல்லை. வந்த வழியே நியூஜெர்சிக் கரையில் திரும்புங்கள், தூரம் ஏறக்குறைய ஒன்றுதான்.

உதவி தேவைப்பட்டால்

பள்ளத்தாக்கில் பல இடங்களில் போன் சிக்னல் விழாது. வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிவையுங்கள். 911ஐ அழைத்தால் முதலில் எந்த மாநிலத்துக் கரையில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். எதிர்க்கரைக் கோபுரம் உங்கள் அழைப்பை வாங்கி வேறு மாநிலத்துக்கு இணைத்துவிட வாய்ப்புண்டு. பிறகு கடைசியாகத் தாண்டிய பாலத்தின் பெயரையும் அதிலிருந்து எந்தத் திசையில் எவ்வளவு தூரம் என்பதையும் சொல்லுங்கள்.

செடியும் உண்ணியும்

பாய்சன் ஐவி இரு கரையிலும் மண்டிக் கிடக்கும். வில்வம் போல மூன்று மூன்று இலை. நடு இலைக்குக் காம்பு நீளம். மரத்தில் ஏறியிருந்தால் கொடி முழுவதும் மயிர் முளைத்த கயிறு போலத் தெரியும். நம் சேராங்கொட்டை, மா, முந்திரி எல்லாம் இருக்கும் அதே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டால் கொப்பளிப்பது போலவே இதுவும் கொப்பளிக்கும். ஒதுங்கப் போகும்போதும் சைக்கிளைப் புல்லில் சாய்க்கும்போதும் பாருங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள், ஹாண்டில்பாரையும் துடையுங்கள். அந்த எண்ணெய் அங்கேயே இருந்து மறுநாளும் கையில் ஏறும்.

மான் உண்ணி இதைவிட முக்கியம். மே முதல் ஜூலை வரை அதன் இளம்பருவம். கசகசா அளவுதான் இருக்கும், கடித்தால் வலிக்காது. லைம் நோயைப் பரப்புவது இதுதான். பாதையின் நடுவில் இருக்கும் வரை ஆபத்து குறைவு, புல்லில் உட்காரும்போதுதான் ஏறும். எனவே பெஞ்சிலோ விரிப்பிலோ உட்காருங்கள். தோலில் 20 முதல் 30 சதவீத டீட் உள்ள தடுப்பு மருந்தைத் தடவுங்கள். பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து துணிக்கும் காலணிக்கும் மட்டும், தோலில் படக் கூடாது.

வீடு வந்ததும் துணிகளை உலர்த்தும் இயந்திரத்தில் நல்ல சூட்டில் போட்டுவிட்டுக் குளியுங்கள். முழங்காலின் பின்புறம், இடுப்பு மடிப்பு, அக்குள், காதுக்குப் பின்னால், தலைமுடி எல்லாம் விரலால் தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்கு நீங்களே பாருங்கள். உண்ணி ஒட்டியிருந்தால் எண்ணெய், தீக்குச்சி எதுவும் வேண்டாம். கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிய இடத்தில் பிடித்து, முறுக்காமல் நேராக மேலே இழுங்கள். பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் நோய் தொற்றும் என்பதால் அன்றே எடுத்துவிட்டால் பெரும்பாலும் கவலையில்லை. எடுத்த தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த 30 நாளுக்குள் சிவந்து பரவும் தடிப்போ காய்ச்சலோ வந்தால் மருத்துவரிடம் அந்தத் தேதியைச் சொல்லுங்கள். உண்ணி நெடுநேரம் ஒட்டியிருந்ததாகத் தோன்றினால் காத்திருக்காமல் 72 மணி நேரத்துக்குள் போய்விடுங்கள். அதற்குள் போனால் ஒரே வேளை மருந்தில் தடுக்க முடியுமா என்று அவர் பார்ப்பார்.